பரோசாவின் முதுகொடிகள்

பிறநாடு செல்வோர் பழமையைத் தேடிச் செல்வது வழக்கம். உரோமாபுரிக்குச் செல்பவர் இடிந்த அரங்குகளைக் காண்பர். எகிப்துக்குச் செல்பவர் மன்னரின் கல்லறைக் கோபுரங்களைக் காண்பர். அவுஸ்திரேலியாவுக்குச் செல்பவரோ பழமையென்று எதனைத் தேடுவது எனச் சற்றே மயங்குவர். அந்நிலத்து ஆதிக்குடிகளின் பழமை பல்லாயிரம் ஆண்டுகளைக் கடந்தது. ஆயினும் அது கோட்டையாகவும் கோபுரமாகவும் எழுந்து நிற்பதன்று. ஐரோப்பியர் அமைத்த நகரங்களோ மிக இளையவை. தென் அவுஸ்திரேலியா என்னும் குடியேற்ற நாடு நிறுவப்பெற்றதே 1836 ஆம் ஆண்டில்தான். எங்கள் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் சில அதனினும் மூத்தவை.

அத்தகைய இளம் நாட்டிலே, பழைய ஐரோப்பாவிலும் அரிதாகிவிட்ட ஒரு முதுமை இன்றும் உயிரோடு நிற்கின்றது. அது கல்லன்று, முந்திரிகைக் கொடி. தமிழகத்தார் திராட்சை என வழங்கும் அதே கொடிதான். அடிலெயிட் நகருக்கு வடகிழக்கே அமைந்த பரோசாப் பள்ளத்தாக்கில், 1840 களில் நடப்பெற்ற கொடிகள் இன்றும் ஆண்டுதோறும் தளிர்க்கின்றன, காய்க்கின்றன, அவற்றின் பழத்திலிருந்து வைனும் வடிக்கப்படுகின்றது. சுலொவேனியா நாட்டின் மரிபோர் நகரில், ஒரு வீட்டுச் சுவரைப் பற்றிக்கொண்டு, 400 ஆண்டுகளைக் கடந்த தனிக்கொடியொன்று வாழ்கின்றது என்பது உண்மை. ஆனால் தனிக்கொடியொன்றைப் போற்றிக் காப்பது வேறு. ஒரு தோட்டம் முழுவதும் உழவன் கையிலே, உழைத்துப் பயன் தந்துகொண்டே, நூற்றெண்பது ஆண்டுகளைக் கடப்பது வேறு.

மதுவின் பெருமையையா எழுத முற்பட்டீர் என்று வாசகர் புருவத்தை நெரிக்க வேண்டா. இதனை எழுதுபவன் மது அருந்தும் வழக்கமில்லாதவன். மாணவருக்கு அதனைச் சிபாரிசு செய்யும் எண்ணமும் அவனுக்கு இல்லை. என் கருத்தைக் கவர்ந்தவை கிண்ணங்களல்ல, கொடிகளே. அவை தாமாகப் பிழைத்திருந்தனவா, அன்றிப் பிழைக்க வைக்கப்பட்டனவா என்பதே என் மனத்தில் எழுந்த வினா. அவ்வினாவுக்கு விடை தேடுமிடத்து, ஒரு பள்ளத்தாக்கின் சரித்திரம் முழுவதையும் அறிய வேண்டியதாயிற்று.

பள்ளத்தாக்கின் வாயிலில்

ஏப்பிரில் விடுமுறையில் அடிலெயிட்டிலுள்ள என் தங்கையின் இல்லத்தில் சில வாரம் தங்கியிருந்தேன். பல்கலைக்கழகத்திற் பயிலும் மருமகன் காரைச் செலுத்த, ஒருநாட் காலை பரோசாவுக்குப் புறப்பட்டோம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பயணம். நமக்கு வெயில் கொளுத்தும் காலம் அவர்களுக்கு இலையுதிர் காலம். மாசியிலும் பங்குனியிலும் மும்முரமாக நடந்த பழக்கொய்வு அடங்கும் தறுவாயில் இருந்தது. பாதையின் இருமருங்கும் குன்றுகள் மேலேறியும் கீழிறங்கியும் செல்ல, அவற்றின் மேனியெங்கும் முந்திரிகை வரிசைகள் கோடு கிழித்தாற்போல ஓடின. இலைகள் சில இடத்து மஞ்சளாகவும், சில இடத்துச் செம்மையாகவும் மாறத் தொடங்கியிருந்தன. இடையிடையே கூரிய கோபுரத்தையுடைய சிறு தேவாலயங்கள் தோன்றின.

பரோசா என்னும் பெயரே ஓர் எழுத்துப் பிழையாற் பிறந்தது. அடிலெயிட் நகரைத் திட்டமிட்டு அமைத்த கேணல் வில்லியம் லைற் என்பவர், 1811 ஆம் ஆண்டில் ஸ்பானியாவின் பறோசா என்னுமிடத்தில் நிகழ்ந்த போரின் நினைவாக, 1837 இல் இம்மலைத்தொடருக்கு அப்பெயரைச் சூட்டினார். ஏட்டிற் பதிந்தபோது எழுத்து மாறியது, மாறியதே நிலைத்துவிட்டது. அவர் பெயர் சூட்டுமுன்னரே பெரமாங்க், ஙஜூரி, கவுர்ணா என்னும் ஆதிக்குடிகளின் நிலமாக அது விளங்கியது என்பதையும் இங்கே மறத்தலாகாது.

சமயத்திற்காகக் கடல் கடந்தோர்

ஆங்கிலேயர் ஆண்ட நிலத்தில் ஜேர்மானிய ஊர்ப்பெயர்களும் லூதரன் தேவாலயங்களும் வந்த வகை யாது? பிரசிய நாட்டு மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியம், தம் ஆட்சிக்குட்பட்ட லூதரன் சபையையும் சீர்திருத்தச் சபையையும் ஒன்றாக்கி, வழிபாட்டு முறையும் ஒன்றே ஆதல் வேண்டுமென ஆணையிட்டார். சைலீசியா முதலிய பகுதிகளில் வாழ்ந்த குடியானவர் பலர் அதற்கு இணங்கவில்லை. தம் முன்னோர் வழிபட்டவாறே வழிபடுவோம் என்றனர். போதகர்கள் சிறை சென்றனர், வழிபாடு தடுக்கப்பட்டது. அவர்களுள் ஒரு கூட்டத்தினர் அகஸ்து காவெல் என்னும் போதகரின் தலைமையில் நாட்டைத் துறக்கத் துணிந்தனர். இலண்டன் வணிகரான ஜோர்ஜ் பைஃப் அங்காஸ் பொருளுதவி செய்தார். 1838 ஆம் ஆண்டில் அவர்கள் தென் அவுஸ்திரேலியாவை அடைந்தனர்.

பரோசாவில் அவர்கள் அமைத்த முதலாவது ஊர் பெத்தானி, ஆண்டு 1842. அடுத்த ஆண்டில் லாங்மைல் என்னும் ஊர் எழுந்தது. அது இன்று தனுண்டா நகரின் ஒரு பகுதியாகும். லாங்மைலில் குடியேறியோருள் கிறிஸ்தியன் ஆவ்றிக்ற் என்னும் கொல்லர் ஒருவர் இருந்தார். இரும்படிக்கும் வேலையோடு நிலத்தையும் திருத்தி, 1843 ஆம் ஆண்டில் ஷிராஸ் இன முந்திரிகையை நட்டார். நான் காணச் சென்றது அவர் நட்ட அத்தோட்டத்தையே. இன்று உயிரோடுள்ள ஷிராஸ் தோட்டங்களுள் உலகிலேயே மிகப் பழையது அதுவாகலாம் எனக் கருதப்படுகின்றது. தம் நம்பிக்கையைக் காக்கக் கடல் கடந்தவர்களின் நினைவாக, அதன் பழத்தில் வடிக்கும் வைனுக்குச் ‘சுதந்திரம்’ எனப் பொருள்படும் பெயரை இட்டிருக்கின்றனர்.

ஷிராஸ் என்பது பாரசீக நகரொன்றின் பெயராதலின், அக்கொடி பாரசீகத்திலிருந்து வந்ததென்று முன்னர்ப் பலர் எழுதினர். மரபணு ஆராய்ச்சி அக்கதையைத் தள்ளிவிட்டது. அது பிரான்சின் தென்கிழக்கிற் பிறந்த இனம். ஜேம்ஸ் பஸ்பி என்பவர் 1831 ஆம் ஆண்டில் ஸ்பானியாவிலும் பிரான்சிலும் ஊர் ஊராகச் சென்று நூற்றுக்கணக்கான வகைகளின் தடிகளைச் சேர்த்துச் சிட்னிக்கு அனுப்பினார். இங்கிலாந்து வழியாகவும் வேறு சிலர் கொண்டுவந்தனர். மாதக் கணக்கான கப்பற் பயணத்தைப் பிழைத்த சில தடிகளே இன்று ஒரு கண்டத்தின் முந்திரிகைத் தோட்டங்களாகப் பெருகியுள்ளன.

கொடியா, மரமா?

யாழ்ப்பாணத்து முந்திரிகையைப் பந்தலிற் படர்ந்த கோலத்திலேயே நாம் கண்டு பழகியவர்கள். தலைக்கு மேலே இலை வேய்ந்திருக்க, குலைகள் கீழே தொங்கும். நிழலில் நின்றுகொண்டே பழம் பறிக்கலாம். அந்த எண்ணத்தோடு லாங்மைலுக்குச் சென்ற எனக்கு, அங்கே கண்டது வேறொரு பிராணியைக் கண்டாற் போல இருந்தது. இடுப்பளவு உயரத்திலே, முறுகித் திருகிய கரிய அடிமரங்கள் தனித்தனியே நின்றன. பட்டை நார்நாராகக் கழன்று தொங்கியது. சிலவற்றின் நடுவே கையை நுழைக்கக்கூடிய பொந்து. சில இரண்டாகப் பிளந்து, பிளவுபட்ட இரு பாதியும் தனித்தனியே தளிர்த்திருந்தன. எந்த இரண்டும் ஒரே வடிவமாயில்லை.

“மாமா, இதைப் பார்க்கவோ இவ்வளவு தூரம் வந்தோம்?” என்றான் மருமகன்.

அவன் கேட்டதிலும் நியாயம் உண்டு. அழகு தேடி வருபவருக்கு அத்தோட்டம் ஏமாற்றமே. ஆனால் அந்தப் பொந்துகளைச் சற்று நின்று பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். முந்திரிகையின் உயிர் அதன் நடுமரத்தில் இல்லை. பட்டையை ஒட்டிய மெல்லிய படையில் இருக்கின்றது. நடுப்பகுதி உக்கிப் போனாலும், வெளிப்புறத்தில் ஒரு கீற்று உயிரோடிருந்தால் வேரிலிருந்து நீர் மேலேறும், கொடி வாழும். அதனாலேயே இற்றுப்போன கட்டை எனத் தோன்றும் ஒன்று, வசந்தத்திலே பச்சைத் தளிரை நீட்டுகின்றது.

கொடிக்கு ஆண்டொன்றின் கடமைகள் ஒழுங்காக உள்ளன. குளிர்காலத்தில், அதாவது ஜூன் முதல் ஓகஸ்ட் வரையில், அது இலையின்றி உறங்கும். அப்போது முன்னாண்டுக் கொப்புகளைக் கத்தரித்து, சில கணுக்களை மாத்திரம் விட்டுவைப்பார்கள். அதிகக் கணுக்களை விட்டால் அதிகப் பழம் கிடைக்கும். ஆனால் முதிய கொடி இளைத்துப் போகும். ஆகவே கத்தரிக்கோலைப் பிடிப்பவர் வரப்போகும் அறுவடையை மாத்திரம் எண்ணாது, கொடியின் எஞ்சிய ஆயுளையும் எண்ண வேண்டியவராகின்றார். ஒவ்வொன்றும் வெவ்வேறு வடிவமாகையால் இவ்வேலைக்கு இயந்திரம் உதவாது. கையும் கண்ணுமே வேண்டும். ஒரு கொடி இறந்துபட்டால், அயற்கொடியின் நீண்ட கொப்பொன்றை வளைத்து மண்ணுட் புதைத்துப் பதியம் வைப்பார்கள். அது வேரூன்றியபின் வெற்றிடம் நிரம்பும். அவ்வாறு எழுந்த புதுக்கொடியும் பழைய கொடியின் உடலே.

பரோசாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 500 மில்லி மீற்றர் மழையே பெய்கின்றது. அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில். கோடை வறண்டது. முதிய கொடிகளின் வேர், பல தலைமுறையாக ஆழச் சென்று, மேல்மண் காய்ந்த காலத்திலும் கீழேயுள்ள ஈரத்தைத் தேடிக்கொள்கின்றது. தடித்த அடிமரமோ உணவைச் சேமித்து வைக்கும் களஞ்சியமாக உதவுகின்றது. கடுங்கோடையில் இளங்கொடி வாடும்போது முதுகொடி அமைதியாக நிற்பதற்கு இதுவே காரணம்.

பழம் கொய்தபின் நிகழ்வது எளிய செயலே. பழத்தை நசுக்கித் தொட்டியில் இடுவார்கள். நொதியம் பழத்தின் வெல்லத்தை மதுசாரமாக மாற்றும். சாற்றுக்கு நிறம் இல்லை. கருந்தோலிலிருந்தே செந்நிறம் இறங்குகின்றது. ஆதலால் மேலே மிதக்கும் தோலை நாள்தோறும் சாற்றினுள் அமிழ்த்துவர். பின்னர் கூடை போன்ற மரச்செக்கிலே பிழிந்து, ஓக் மரப் பீப்பாக்களில் அடைத்து முதிர வைப்பர். மரக்கூடையிற் பிழியும் பழைய வழக்கத்தை இன்றும் கைவிடாத ஆலைகள் பரோசாவில் உண்டு.

கொடிக்கு வந்த கொள்ளைநோய்

பரோசாக் கொடிகளுக்கு ஏன் இத்துணை மதிப்பு? ஐரோப்பாவில் அவற்றின் தாய்க்கொடிகள் பெரும்பாலும் அழிந்துபோயின என்பதே அதற்குப் பெருங்காரணம்.

பிலொக்செரா என்பது கண்ணுக்கு எளிதிற் புலப்படாத மஞ்சள் நிறச் சிறு பூச்சி. அதன் தாயகம் வட அமெரிக்கா. அங்குள்ள காட்டு முந்திரிகைகள் நெடுங்காலமாக அதனோடு பழகி, அதனைத் தாங்கும் ஆற்றல் பெற்றவை. நீராவிக் கப்பல்கள் வந்தபின் கடற்பயணம் குறுகியது. செடிகளோடு பூச்சியும் உயிரோடு அக்கரை சேர்ந்தது. 1860 களில் பிரான்சின் தென்பகுதியில் கொடிகள் காரணமின்றி மடியத் தொடங்கின. 1868 இல் தாவரவியலறிஞர் பிளான்சோன் முதலியோர் பிடுங்கிய வேர்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கி, பூச்சியே எமன் எனக் கண்டனர். கண்டும் என் செய்வது? பரிகாரம் சொல்பவருக்கு மூன்று இலட்சம் பிராங்கு பரிசு என்று பிரெஞ்சு அரசாங்கம் அறிவித்தது. 1875 இல் ஏறக்குறைய 845 கோடி லீற்றராயிருந்த பிரான்சின் வைன் உற்பத்தி, 1889 இல் 234 கோடி லீற்றராகச் சுருங்கியது.

இவ்விடத்து இலங்கை வாசகருக்கு நம் மலைநாட்டின் நினைவு வராமற் போகாது. பிளான்சோன் பூச்சியைக் கண்ட மறு ஆண்டு, 1869 இல், இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் காணப்பட்டது. இருபது ஆண்டுகளுள் கோப்பி அழிந்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. இங்கே பயிரையே மாற்றி மலைநாடு பிழைத்தது. பிரான்சிலோ வேரை மாற்றிப் பிழைத்தார்கள். பூச்சியைத் தாங்கும் அமெரிக்க அடிமரத்தின் மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டவைப்பதே முடிவில் கண்ட பரிகாரம். இன்று ஐரோப்பியக் கொடிகளுட் பெரும்பாலானவை அந்நிய வேரின்மேல் நிற்பவை; பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குப்பின் நடப்பெற்றவை.

அவுஸ்திரேலியாவையும் பூச்சி விட்டுவைக்கவில்லை. 1877 இல் விக்ரோரியா மாநிலத்தின் ஜீலோங் பகுதியில் அது காணப்பட்டது. அங்கே தோட்டங்கள் பல பிடுங்கி அழிக்கப்பட்டன. அயலிலிருந்த தென் அவுஸ்திரேலியா விழித்துக்கொண்டது. முந்திரிகைத் தடிகளை வெளியிலிருந்து கொண்டுவருவதைத் தடுத்தது. 1899 இல் பிலொக்செராச் சட்டம் இயற்றி, கண்காணிக்க ஒரு சபையையும் நியமித்தது. அந்தக் காவல் இன்றும் தளரவில்லை. அம்மாநிலத்துட் பூச்சி இன்றுவரை நுழையவில்லை. தோட்ட வாயில்களில், வரிசைகளுக்குட் கால் வைக்கலாகாது என்னும் அறிவிப்பை நாங்கள் பல இடங்களிற் கண்டோம். வேற்றிடத்து மண் ஒட்டிய ஒரு சப்பாத்தே நூற்றெண்பது ஆண்டு உழைப்பை அழிக்கப் போதுமானது.

இவ்வாறு, பிரான்சில் தாய்க்கொடிகள் மாண்டுபோக, அவற்றிலிருந்து முன்னரே புறப்பட்டுப் போன தடிகள் கடலுக்கப்பால் தம் சொந்த வேரிலே வாழ்கின்றன.

பெயர் மாறிய ஊர்கள்

முதலாம் உலகப் போர் மூண்டபோது பரோசா மக்கள் மூன்றாந் தலைமுறையினராயிருந்தும், ஜேர்மன் மொழி பேசியமையாற் பகைவரெனப் பார்க்கப்பட்டனர். 1917 ஆம் ஆண்டில் அவர்களுடைய லூதரன் பாடசாலைகள் மூடப்பட்டன. ஜேர்மானிய ஊர்ப்பெயர்கள் சட்டத்தினால் நீக்கப்பட்டன. க்னாடென்பிறை என்ற ஊர் மறனங்கா ஆயிற்று. கைசர்ஸ்டூல் என்ற மலைக்கு ஆங்கிலத் தளபதி கிச்னரின் பெயர் இடப்பட்டது. பாட்டன் வைத்த பெயரைப் பேரன் எழுதலாகாது என்ற நிலை வந்தது. பிற்காலத்திற் பழைய பெயர்கள் சில திரும்பிவந்தன, சில வரவேயில்லை. மொழியும் பெரும்பாலும் மறைந்தது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தவற்றுள் எஞ்சியவை தேவாலயங்களும், சில உணவுவகைகளும், இக்கொடிகளுமே.

பிடுங்கினாற் பணம்

பூச்சியிடமிருந்தும் போரிடமிருந்தும் தப்பிய கொடிகளுக்குப் பேராபத்து சமாதான காலத்தில், கணக்குப் புத்தகத்தின் வழியாக வந்தது. 1970 களின் பிற்பகுதியிலிருந்து மக்களின் நாட்டம் வெள்ளை வைனின் பக்கம் திரும்பியது. ஷிராஸ், கிறனாஷ் முதலிய கருமுந்திரிகையை வாங்குவாரில்லை. பழம் மிகுந்தது, விலை வீழ்ந்தது. 1980 களின் நடுப்பகுதியில் அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. கொடியைப் பிடுங்கும் உழவனுக்கு ஹெக்டேயர்க் கணக்கிற் பணம் கொடுக்கப்படும் என்பதே அத்திட்டம்.

அதனைக் கொடுமையென்று ஒரேயடியாகத் தள்ளிவிடுதல் நியாயமாகாது. கடனில் மூழ்கிய உழவனுக்கு அப்பணம் கைகொடுத்தது. ஆனால் எக்கொடியை முதலிற் பிடுங்குவான்? குறைந்த பழம் தருவதும், கையால் மாத்திரமே பராமரிக்கக்கூடியதுமான முதுகொடியையே பிடுங்குவான். இளங்கொடி நட்ட மூன்றாம் ஆண்டிற் காய்க்கும். ஆகையால் வேண்டும்போது மீண்டும் நடலாமே என்று கணக்குச் சொல்லிற்று. நூறு ஆண்டு வளர்ந்த வேரைத் திரும்பப் பெற நூறு ஆண்டு வேண்டும் என்பதை எழுதுவதற்கு அக்கணக்கில் நிரல் இல்லை. பாட்டனார் நட்ட தோட்டங்கள் பலவற்றில் இயந்திரம் புகுந்தது. பிடுங்கிய கட்டைகள் குவிக்கப்பட்டு எரிந்தன.

இதற்குச் சில ஆண்டுகளின் முன்னரே ஒருவர் எதிர்நீச்சலிட்டார். அவர் பெயர் பீற்றர் லேமன். அவர் வேலைபார்த்த ஆலை, உழவரிடம் பழம் வாங்குவதை நிறுத்தும்படி அவருக்குக் கட்டளையிட்டது. பல ஆண்டாகக் கைகுலுக்கலையே ஒப்பந்தமாகக் கொண்டு பழம் தந்தவர்களைக் கைவிட அவர் மனம் ஒப்பவில்லை. 1979 இல் கடன் திரட்டித் தனியே ஆலை தொடங்கி, அவ்வுழவரின் பழத்தை வாங்கினார். முதலிற் சூதாட்டக்காரனின் துணிச்சலோடு தொடங்கிய முயற்சியாகையால், ஒரு கதையில் வரும் சூதாடியின் பெயரையே தம் நிறுவனத்துக்கு வைத்தார். அவர் 2013 இல் காலமானபோது பள்ளத்தாக்கு முழுவதும் துக்கம் கொண்டாடியது. 1984 இல் றொக்பேட் என்னும் ஆலையை நிறுவிய றொபேட் ஓகலகன் என்பவரும், முதுகொடிப் பழத்துக்குக் கூடுதல் விலை கொடுத்து, பிடுங்க நினைத்தோர் கையைத் தடுத்தார். இவர்களைப் போன்ற சிலரும், ‘என் தகப்பன் நட்டதை நான் பிடுங்கேன்’ என்று பிடிவாதம் பிடித்த பெயர் தெரியாத உழவரும் இல்லாதிருந்தால், நாங்கள் காணச் சென்ற தோட்டங்களுட் பல இன்று இருந்திரா.

காலச்சக்கரம் சுழன்றது. 1990 களில் உலகம் பரோசாவின் ஷிராஸைத் தேடி வந்தது. எரித்த கொடிகளை எண்ணிப் பலர் இரங்கினர்.

மூப்புக்கு நான்கு படிகள்

அந்தப் பாடத்தின் பயனாக, 2009 ஆம் ஆண்டில் பரோசாவினர் முதுகொடிச் சாசனம் ஒன்றை ஏற்படுத்தினர். 35 ஆண்டு கடந்த கொடி ‘முதியது’. 70 கடந்தது ‘தப்பிப் பிழைத்தது’. 100 கடந்தது ‘நூற்றாண்டு கண்டது’. 125 கடந்தது ‘முன்னோர்’. கொடியையும் முன்னோர் எனக் கூறும் வழக்கு எனக்கு இனிமையாயிருந்தது. உலக முந்திரிகை, வைன் அமைப்பும் 2024 இல் 35 ஆண்டு கடந்த கொடியே முதுகொடி என வரைவிலக்கணம் வகுத்துள்ளது.

ஆயினும், முதுகொடியின் வைன் உண்மையிலேயே உயர்ந்ததா என்ற வினாவுக்கு அறிஞரிடையே ஒருமித்த விடை இல்லை. குறைந்த பழத்திற் சுவை திரண்டு நிற்கும் என்பர் ஒரு சாரார். நல்ல மண்ணில் நின்றவையும் நல்ல பழம் தந்தவையுமே பிடுங்கப்படாது எஞ்சின. ஆகவே மூப்பினால் நன்மை வந்ததன்று, நன்மையினாலேயே மூப்பு வந்தது என்பர் மற்றொரு சாரார். மாணவர்கள் இந்த இரண்டாவது வாதத்தைக் கவனித்தல் வேண்டும். காரணம் எது, காரியம் எது என்று மயங்கும் இடங்கள் உலகில் ஏராளம். மேலும், போத்தலின்மீது ‘முதுகொடி’ என அச்சிடுவதைப் பெரும்பாலான நாடுகளிற் சட்டம் வரையறுக்கவில்லை. ஆகவே அச்சொல்லைக் காட்டியே விலையேற்றும் வணிகரும் உண்டு.

சுவையைப் பற்றிய வழக்கு எவ்வாறு முடியினும், கொடிகளைக் காப்பதற்கு வேறு காரணங்கள் உள. பூச்சிக்கு முற்பட்ட காலத்து வகைகள் அவற்றில் வாழ்கின்றன. பல வறட்சிகளைத் தாண்டிய கொடியிடம், வெப்பம் ஏறிவரும் உலகம் கற்கவேண்டியவை உள. பரோசாவுக்குக் கிழக்கேயுள்ள ஈடன் பள்ளத்தாக்கில் ‘அருட்குன்று’ எனப் பொருள்படும் தோட்டமொன்று உண்டு. எதிரேயுள்ள க்னாடென்பேர்க் தேவாலயத்தின் பெயரே அதற்கும் வந்தது. அங்கே 1860 அளவில் நடப்பெற்ற கொடிகளின் பழத்தைத் தனியாக வடித்து, 1958 இல் முதன்முதல் வைன் செய்தவர் சிறில் ஹென்ஷ்கி. அக்குடும்பத்து மருமகளான புரூ ஹென்ஷ்கி தாவரம் பயின்றவர். அவர் முதுகொடிகளுட் சிறந்தவற்றைப் பல ஆண்டாகக் கவனித்துத் தெரிந்தெடுத்து, அவற்றின் தடிகளைக் கொண்டு நாற்றுமேடை அமைத்தார். அவ்வாறு பிறந்த இளங்கொடிகள் இப்போது தாமும் காய்க்கின்றன.

லாங்மைலில் இன்னுமொரு செய்தி அறிந்தோம். அயலிலுள்ள ஒரு பழந்தோட்டம் வீடு கட்டுவதற்காக விற்கப்பட்டபோது, அங்கிருந்த பழைய ஷிராஸ் கொடிகளை ஆலையினர் வேரோடு அகழ்ந்தெடுத்து, வட பாரா ஆற்றங்கரையில் மீண்டும் நட்டனர். நூறு ஆண்டைக் கடந்த கட்டைகள் இடம் பெயர்ந்தும் பிழைத்தன. அநாதைகளை ஏற்று வளர்த்த கரை என்னும் பொருளிலே அத்தோட்டத்துக்குப் பெயரிட்டுள்ளனர். இச்செய்தியைக் கேட்டபின் மருமகனின் ஏளனம் அடங்கிற்று. ஆற்றங்கரை எப்பக்கம் என்று அவனே விசாரிக்கத் தொடங்கினான்.

ஆபத்து நீங்கிவிட்டதென்று சொல்வதற்கில்லை. 2021 இல் சீனா அவுஸ்திரேலிய வைன்மீது இருநூறு வீதத்தையும் கடந்த தீர்வை விதித்தது. 2024 இல் அது நீக்கப்பட்டது. எனினும் இடையிற் செவ்வைன் தேங்கியது. அந்நாட்டின் சில மாவட்டங்களிற் கொடிகள் மீண்டும் பிடுங்கப்பட்டன. சாசனம் எவரையும் கட்டுப்படுத்தும் சட்டமன்று. இனியும் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொரு உழவன், பணமா கொடியா என்று தன் மனத்தோடு வழக்காட வேண்டியிருக்கும்.

ஆகவே, கொடிகள் தாமாகப் பிழைத்தனவா என்னும் என் வினாவுக்குக் கிடைத்த விடை இதுதான்: ஆழ வேரூன்றும் ஆற்றல் கொடியினுடையது, ஆனால் எல்லையிற் காவல் வைத்ததும், வருடந்தோறும் அளவறிந்து கத்தரித்ததும், பிடுங்கினாற் பணம் என்றபோது மறுத்ததும் மனிதருடைய செயல்கள். ஆறு, ஏழு தலைமுறைகளில் ஏதேனும் ஒன்று மாத்திரம் வேறுவிதமாக முடிவு செய்திருந்தாலும் சங்கிலி அறுந்திருக்கும்.

பரோசா உழவர் இன்றும் புதிதாக நடுகின்றனர். முதுகொடிகளின் தடிகளை வெட்டி நடுவோர் அவர்களுட் பலர். இவ்வாண்டு மண்ணில் ஊன்றும் தடி, ‘முன்னோர்’ என்னும் பெயரைப் பெற 125 ஆண்டு செல்லும். அதனை ஊன்றுபவரும் அதனைக் காணார். அவர் பேரனும் காண்பது அரிது. அது தெரிந்தும் வரிசை பிடித்து, கயிறு கட்டி, குழி அகழ்ந்து நடுகின்றனர்.